குளிர் யாருடையது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை எங்கள் கடற்கரையில் விசைப்படகு கடலுக்குப் போகாது. மீன்களின் இனப்பெருக்கத்துக்காக விடும் தடைக்காலம் அது. 2001-இல் 45 நாளாகத் தொடங்கியது, 2017-இல் 61 நாளாக நீண்டது. ராமேஸ்வரத்தில் படகுகளைக் கரையேற்றிப் பலகை மாற்றுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள், வலை பின்னுவார்கள். ஐஸ் கம்பெனிகள் மோட்டாரை நிறுத்திவிட்டுப் பராமரிப்பு வேலை பார்க்கும். பள்ளிக்கூட லீவு, கத்திரி வெயில், எங்கள் ஐஸ்கிரீம் கடையின் பெரிய வியாபாரம் எல்லாம் வருவதும் இந்த 61 நாளில்தான்.

மீனுக்கும் ஐஸ்கிரீமுக்கும் என்ன சம்பந்தம் என்று வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கேட்பார்கள். எங்கள் வீட்டில் இரண்டையும் பிரித்துப் பார்த்ததே இல்லை. தாத்தா, அப்பா, இப்போது நான் என்று மூன்று தலைமுறையாகக் கடை நடக்கிறது. பத்திரிகை படிக்கிற வாடிக்கையாளர் யாராவது வந்தால் "பரம்பரை ருசி, ரகசியம் என்னம்மா?" என்று கேட்காமல் போவதில்லை. அவர்களுக்கு ஏமாற்றமாக இருந்தாலும் உண்மையைச் சொல்லிவிடுவேன். தாத்தா போட்ட ஐஸ்கிரீம் வேறு, அப்பா போட்டது வேறு, நான் போடுவது வேறு. செய்முறை தலைமுறைக்குத் தலைமுறை மாறியிருக்கிறது. மாறாமல் எங்களைத் துரத்தி வந்தது ஒரே ஒரு கேள்விதான். அதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

தாத்தாவுக்கு முதல் வேலை தனுஷ்கோடியில். மெட்ராஸிலிருந்து போட் மெயில் ரயிலில் வருகிறவர்கள் அங்கே இறங்கிக் கப்பல் ஏறித் தலைமன்னார் போவார்கள், அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்பு. இறங்குகிற கூட்டத்துக்கு நன்னாரி சர்பத் கலக்கிக் கொடுக்கும் கடையில் எடுபிடியாக இருந்தார். கொழும்பில் வேலை பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் அங்கத்திய எலிபன்ட் ஹவுஸ் ஐஸ்கிரீமைப் பற்றிப் பேசுவார்களாம். வாயில் வைத்ததே இல்லாத ஒரு பண்டத்தின் பெயரை அவர் முதலில் காதால்தான் தெரிந்துகொண்டார். 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு வந்த புயலில் தனுஷ்கோடி போயிற்று. அன்றைக்கு அவர் பாம்பனில் சொந்தக்காரர் வீட்டில் இருந்ததால் பிழைத்தார். அதற்கு மேல் அந்த இரவைப் பற்றி அவர் எங்களிடம் பேசியதில்லை. நாங்களும் கேட்டதில்லை. சிதைந்த பாம்பன் பாலத்தை என்ஜினீயர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் நிமிர்த்தினார்களே, அந்த வேலையில் கூலியாளாக நின்றேன் என்பதை மட்டும் பெருமையாகச் சொல்வார்.

அறுபதுகளில் எங்கள் பக்கம் விசைப்படகு வந்தது. இந்திய-நார்வே மீன்வளத் திட்டத்தின் கை மண்டபம் வரை நீண்டிருந்த காலம். விசைப்படகு வந்தால் இறால் வரும். இறால் வந்தால் அதைக் கெடாமல் வைக்க ஐஸ் வேண்டும். அப்படித்தான் ஐஸ் கம்பெனிகள் முளைத்தன. உப்புத் தண்ணீர் நிரம்பிய பெரிய தொட்டி, அதற்குள் தகரக் கேன்களில் நல்ல தண்ணீர், அம்மோனியா ஓடுகிற குழாய்கள். கேனில் உறைந்து வருவது 50 கிலோப் பார். படகுக்காரர்கள் அதை உடைத்து அறையில் கொட்டிக்கொண்டு கடலுக்குப் போவார்கள்.

தாத்தா அந்த ஐஸைப் பார்த்தார். கூடவே உப்பும் கண்ணில் பட்டது. வாலிநோக்கம் பக்கம் இன்றைக்கு அரசு உப்பு நிறுவனமே நடக்கிறது. உப்பு விளைகிற கடற்கரை இது, கல்லுப்புக்குப் பஞ்சமில்லை. உடைத்த ஐஸோடு கல்லுப்பைச் சேர்த்தால் கலவையின் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். அளவு சரியாக அமைந்தால் மைனஸ் 21 டிகிரி வரை போகும். பாலை உறைய வைக்க அதில் முக்கால்வாசிக் குளிர் போதும். இந்தச் சூத்திரத்தை வைத்துக் கையால் சுற்றும் ஐஸ்கிரீம் பீப்பாய்க்கு அமெரிக்காவில் நான்சி ஜான்சன் என்ற பெண்மணி 1843-இலேயே காப்புரிமை வாங்கியிருக்கிறார். தாத்தாவுக்கு அதெல்லாம் தெரியாது. மதுரையில் ஒரு கல்யாண வீட்டுச் சமையல்காரரிடம் பழைய பீப்பாய் ஒன்றை விலைக்கு வாங்கி, ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

அந்தப் பீப்பாயை நான் சுற்றியிருக்கிறேன். மரத்தொட்டிக்கு நடுவே தகர டப்பா, டப்பாவுக்குள் மத்து, மேலே கைப்பிடி. சாக்கில் சுற்றி மரச்சுத்தியலால் நொறுக்கிய ஐஸையும் கல்லுப்பையும் டப்பாவைச் சுற்றி அடுக்கடுக்காகத் திணிக்க வேண்டும். முதலில் மெதுவாகச் சுற்றணும். பால் குளிரும் முன்னே வேகமாகச் சுற்றினால் வெண்ணெய் திரண்டுவிடும். கொஞ்ச நேரத்தில் உள்ளே தளும்புகிற சத்தம் அடங்கி, மத்து சுவரைச் சுரண்டுகிற சத்தம் வரும். அப்போது தாத்தா, "ஆத்தா, இப்ப விடாத, இப்பத்தான் அது பிறக்குது" என்பார். தோள் இறங்கிவிடும். கை கனத்து இனி ஒரு சுற்றுக்கூட முடியாது என்கிறபோது திறந்தால், மஞ்சளும் இல்லாமல் வெள்ளையும் இல்லாமல் ஒரு நிறத்தில் அது இருக்கும். காய்ச்சிச் சுண்டிய பாலின் நிறம். அதில் ஏலக்காயைத் தவிர வேறு வாசனை கிடையாது.

பார் ஐஸ் மீனுக்காகச் செய்தது, குடிக்கிற தண்ணீரின் சுத்தம் அதற்கு இருக்காது. தொட்டியில் நிற்கிற ஐஸ் ஒரு துளிகூட டப்பாவுக்குள் இறங்கக் கூடாது என்பதில் தாத்தா ரொம்பக் கண்டிப்பு. மூடியில் உப்புத் தண்ணீர் பட்டுவிட்டால் அந்த டப்பாவையே கொட்டிவிடுவார். எங்கள் வீட்டில் கொட்டினதற்காக யாரும் திட்டு வாங்கியதில்லை. கொட்டாமல் விட்டால் திட்டு விழும்.

அந்தக் காலத்துச் சிரமம் ஐஸ் கிடைப்பதில்தான் இருந்தது. ஐஸ் கம்பெனிக்கு முதல் கணக்கு படகு. படகு முடிந்து, ஏற்றுமதிக் கம்பெனி வண்டி முடிந்து, மீன் வியாபாரிகளின் கூடைகளும் முடிந்த பிறகுதான் தாத்தாவின் முறை. பல நாள் உடைசல்தான் கிடைக்கும். எங்கள் பக்கம் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், மற்ற நாள் நாட்டுப்படகுக்கு என்று ஒரு முறை வந்தது. விசைப்படகு போகாத நாளில் ஐஸ் மிஞ்சும். அதனால் எங்கள் ஐஸ்கிரீம் அந்த நாள்களில் மட்டும் கிடைக்கிற பண்டமாயிற்று. திங்களும் புதனும் சனியும் பீப்பாய் சும்மா கிடக்கும். ஊர்க்காரர்கள் அதை எங்கள் கடையின் வழக்கமென்று எடுத்துக்கொண்டார்கள். ஒரு கடையின் வேலை நாளையே வேறு யாரோ தீர்மானித்தார்கள் என்பது எனக்குப் பெரியவள் ஆனபிறகுதான் உறைத்தது.

அப்பா காலத்தில் ஊர் மாறியது. 1988 அக்டோபர் 2-ஆம் தேதி ராஜீவ் காந்தி பாம்பன் சாலைப் பாலத்தைத் திறந்து வைத்தார். அதுவரை தீவுக்கு எது வந்தாலும் ரயிலில் வரணும், இல்லாவிட்டால் படகில் வரணும். பாலம் திறந்ததும் பஸ் பஸ்ஸாக யாத்திரைக் கூட்டம் வந்தது. அப்பா கடையை ராமேஸ்வரத்துக்கு மாற்றினார். அக்னி தீர்த்தத்தில் முழுகி, 22 தீர்த்தமும் ஆடி, ஈர வேட்டியை மாற்றித் தரிசனம் முடித்து வருகிறவர்களுக்கு வயிறு காலியாக இருக்கும், தொண்டையும் வறண்டிருக்கும். வடநாட்டு யாத்திரிகர்கள் ஐஸ்கிரீமைக் கையில் வாங்கும் முன் முட்டை போட்டிருக்கிறதா, ஜெலட்டின் போட்டிருக்கிறதா என்று கேட்பார்கள். இரண்டும் இல்லை என்று தைரியமாகச் சொல்ல முடிந்ததற்குக் காரணம் அம்மா.

ஐஸ்கிரீமில் இருக்கிற தண்ணீர் உறையும்போது கட்டிகட்டியாகப் பிரியாமல் பிடித்து வைக்க ஏதாவது ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் நாக்கில் மணல் மாதிரி நறநறக்கும். அம்மா அதற்குக் கடல்பாசியைக் கொண்டுவந்தாள். காய்ந்து வைக்கோல் நிறத்தில் இருக்கும் கஞ்சிப்பாசியைத் திரும்பத் திரும்ப அலசி, இரவெல்லாம் ஊறவைத்து, காய்ச்சி, மல் துணியில் வடிகட்டி, சூடாக இருக்கும்போதே பாலில் சேர்ப்பாள். ஆறினால் அது தனியாக உறைந்துவிடும். மதுரையில் அகர் தயாரிக்கிற தொழிற்சாலைகளுக்கு இதே பாசிதான் எங்கள் கடலிலிருந்து போகிறது, கூடவே மரிக்கொழுந்துப் பாசியும். கட்டக்கோரையும் பக்கோடாப் பாசியும் ஆல்ஜினேட் எடுக்கப் போகின்றன. நாட்டின் எந்த மூலையில் ஐஸ்கிரீம் தின்றாலும் அது உருகி ஓடாமல் நிற்பதில் மன்னார் வளைகுடாப் பெண்களின் கை இருக்கக்கூடும். அந்தப் பெண்களை எனக்குத் தெரியும். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி முழுகிப் பாறையிலிருந்து பாசி பறிக்கிறவர்கள். 1986-இல் 21 தீவுகளையும் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தபின் அவர்கள் பாட்டி காலத்திலிருந்து போய்வந்த இடமே போகக் கூடாத இடமாயிற்று. பறிக்கும் நாள்களைத் தாங்களே குறைத்துக்கொண்டு, பிடுங்காமல் கிள்ளி எடுப்பது என்று முறை வகுத்து, உரிமைக்கும் பேசினார்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் சீகாலஜி என்ற சர்வதேச விருது கிடைத்தது. அந்த வாரம் அம்மா கடைக்கு வந்த பாசிக்காரப் பெண்கள் யாரிடமும் காசு வாங்கவில்லை.

2001-இல் முதல் தடைக்காலம் வந்தது. அப்பா இன்னும் பார் ஐஸை நம்பித்தான் பீப்பாய் சுற்றிக்கொண்டிருந்தார். பீப்பாய்க்கு மோட்டார் மாட்டியிருந்தார், அவ்வளவுதான் மாற்றம். 45 நாளுக்குப் படகு இல்லை என்றதும் நாங்கள் வாங்குகிற ஐஸ் கம்பெனி மெஷினை நிறுத்திவிட்டது. ஒரே ஒரு ஐஸ்கிரீம்காரனுக்காக அம்மோனியா கம்ப்ரஸரை ஓட்டினால் அவர்களுக்குக் கட்டுபடியாகாது. அப்பாவும் அதை நியாயம் என்றுதான் சொன்னார். ஆனால் கோடை உச்சத்தில் எங்கள் கடையில் ஐஸ்கிரீம் இல்லை. யாத்திரைக் கூட்டம் வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போகிறது. ராமநாதபுரத்திலிருந்து மரத்தூள் போட்ட பெட்டியில் ஐஸ் வரவழைத்தார்கள். பாலம் தாண்டுவதற்குள் பாதி தண்ணீர். அந்த வருஷம் மழைக்காலத்துக்கு முன்னமே அப்பா பழைய டீப் ஃப்ரீசர் ஒன்றும், தூத்துக்குடியில் மூடிய பேக்கரி ஒன்றிலிருந்து ஐஸ்கிரீம் கடையும் மெஷின் ஒன்றும் வாங்கினார். பீப்பாய் பரணுக்குப் போயிற்று. ஊரில் சிலருக்கு ருசி போய்விட்டது என்ற வருத்தம். மெஷின் காற்றை நிறைய உள்ளே அடிக்கும், பீப்பாய் அவ்வளவு அடிக்காது. அதனால் பழசு கனமாக இருந்தது என்பது நிஜம். அப்பா மெஷினின் வேகத்தைக் குறைத்து, பாலை இன்னும் கொஞ்சம் சுண்டவைத்து, அந்தக் கனத்தை ஓரளவு மீட்டார்.

ஐஸ் கம்பெனியின் கையிலிருந்த குளிர் எங்கள் கைக்கு வந்துவிட்டது என்று வீட்டில் எல்லோரும் நினைத்தோம். அது கரண்ட் கம்பிக்கு மாறியிருந்தது.

2008-இல் ஆரம்பித்து 2012 வரைக்கும் தமிழ்நாட்டில் நடந்த மின்வெட்டு இப்போதைய பிள்ளைகளுக்குக் கதை. மெட்ராஸுக்கு வெளியே இருந்தவர்களுக்கு அது கதையில்லை. ஒரு மணி நேரம் இருந்தால் ஒரு மணி நேரம் இருக்காது. உருகி மறுபடி உறைந்த ஐஸ்கிரீமை விற்கக் கூடாது. ருசி கெடுவது ஒரு பக்கம், கிருமி வளருவது பெரிய பயம். தாத்தா பழக்கின பழக்கத்தில் அப்பா வாளி வாளியாகக் கொட்டினார். டீசல் ஜெனரேட்டர் வாங்கினோம், கடனில். டீசல் செலவை ஐஸ்கிரீம் விலையில் ஏற்றினால் பிள்ளைகள் வாங்காது, ஏற்றாவிட்டால் வட்டி கட்ட முடியாது. நான் படிப்பை முடித்துவிட்டு மெட்ராஸில் ஒரு கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்ததும் ஊர் திரும்பினேன். கொஞ்ச மாதம் பார்த்துக்கொண்டு திரும்பிப் போய்விடுவது என்ற எண்ணம்தான் எனக்கு.

அப்போதுதான் ஒரு பெரிய ஐஸ்கிரீம் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி வந்தார். நல்ல பிள்ளை, மரியாதையாகப் பேசினார். கம்பெனியே ஃப்ரீசர் தரும். சாதாரணப் பெட்டி இல்லை, கரண்ட் போனாலும் பல மணி நேரம் குளிரைப் பிடித்து வைக்கிற பெட்டி. டெபாசிட் சின்னத் தொகை. சரக்கு வண்டியில் வாசலுக்கு வரும். ரிப்பேர் அவர்கள் பொறுப்பு. பதிலுக்கு அந்தப் பெட்டியில் அவர்கள் சரக்கு மட்டும்தான் இருக்கணும், கடைக்குள் வேறு ஐஸ்கிரீம் விற்கக் கூடாது, மாதம் இவ்வளவு ஓடணும். ஓடாவிட்டால் பெட்டி திரும்பப் போகும்.

எனக்கு அது வேண்டும் என்று இருந்தது. வெறும் ஆசையில்லை, ஏக்கமே இருந்தது. ராத்திரி ஜெனரேட்டர் சத்தத்தில் தூங்காமல் கிடந்து கணக்குப் போட்டேன். எப்படிப் போட்டாலும் அவர்கள் சரக்கை வாங்கி விற்பதுதான் லாபம். பால் அலைச்சல் இல்லை, பாசி ஊறவைக்க வேண்டாம், கொட்டவும் வேண்டாம். நான் நிம்மதியாக மெட்ராஸ் போகலாம். அப்பா எதுவும் பேசவில்லை. அம்மாதான் அந்தப் பிள்ளைக்கு மோர் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"தம்பி, பெட்டிச் சாவி யார்கிட்ட இருக்கும்?"

"உங்ககிட்டதாங்கம்மா."

"உள்ள என்ன வைக்கணும்னு சொல்றது?"

அவர் காகிதத்தைப் புரட்டினார். "அது கம்பெனிதாங்கம்மா."

"அப்ப சாவியும் அங்கதான் இருக்குது தம்பி. இங்க இருக்கப்போறது இரும்புத் துண்டு." கோபமில்லாமல்தான் சொன்னாள். கூடவே, "மோரைக் குடிங்க, சூடா இருக்குது வெளிய" என்றாள்.

அன்று ராத்திரி எனக்கும் அவளுக்கும் நீண்ட வாக்குவாதம். மாமனார் ஐஸ் கம்பெனி வாசலில் உடைசலுக்குக் காத்திருந்த கதையையும், 2001-இல் கோடை பூராவும் வெறும் சர்பத் விற்ற கதையையும் அவள் எடுத்து வைத்தாள். நான் என் கணக்கை எடுத்து வைத்தேன். இரண்டுமே சரி. மறுநாள் அவள் தன் வளையல்களை வங்கியில் வைத்து நகைக் கடன் வாங்கினாள். அதே மாதிரி குளிர் நிற்கிற பெட்டியை மதுரையில் ரொக்கத்துக்கு வாங்கினோம். பில் அம்மா பெயரில்.

கம்பெனிக்காரர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. தங்கச்சிமடத்தில் கணவரைக் கடலில் இழந்த ஒரு அக்கா அப்படிப்பட்ட பெட்டியை வாங்கித்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். முதல் இல்லாதவருக்கு அது பெரிய கை கொடுப்பு. தமிழ்நாட்டுச் சின்ன ஊர்களுக்கு நல்ல ஐஸ்கிரீம் வந்ததே அப்படித்தான். 1970-இல் 13,000 ரூபாய் முதலோடு ராயபுரத்தில் குச்சி ஐஸ் போடத் தொடங்கிய சந்திரமோகன், மெட்ராஸில் பெரிய பெயர்களோடு மோதாமல் கல்லூரி விடுதிகளையும் சிற்றூர்களையும் தேடிப் போனார். அருண் ஐஸ்கிரீம் அப்படி வளர்ந்ததுதான். அவர் ஜெயித்தது குளிரைத் தூரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலையில். என் பேச்சு வேறு. ஏற்கெனவே தன் கையால் ஒன்றைச் செய்கிற வீடு அந்தப் பெட்டியை வாங்கினால், அடுத்த கோடையில் அந்தக் கை சும்மா இருக்கும். அதற்கடுத்த கோடையில் கை மறந்துபோகும்.

இது எனக்கு முழுசாக விளங்கியது மெட்ராஸில், வேலையை விட்டுவிட்டுச் சாமான் எடுக்கப் போனபோது. அத்தனை வருஷம் அந்த வழியாகப் பஸ்ஸில் போயிருக்கிறேன், கண்டக்டர் "ஐஸ் ஹவுஸ்" என்று கூவும்போது இறங்கிப் பார்த்ததில்லை. திருவல்லிக்கேணிக் கடற்கரையில் இப்போது விவேகானந்தர் இல்லமாக இருக்கிற வட்டக் கட்டடம் 1842-இல் ஐஸ் வைக்கக் கட்டியது. பிரெடரிக் டியூடர் என்ற பாஸ்டன் வியாபாரி அமெரிக்கக் குளங்களில் உறைந்த ஐஸை அறுத்து, மரத்தூளில் புதைத்து, நான்கு மாதக் கப்பல் பயணத்தில் இந்தியாவுக்கு அனுப்பினார். 1833-இல் கல்கத்தாவுக்குப் புறப்பட்ட முதல் கப்பலில் 180 டன் ஏற்றி, 100 டன் அளவுக்குக் கரை சேர்ந்தது. மெட்ராஸில் யார் குளிர்ந்த தண்ணீர் குடிக்கலாம், நோயாளிக்கு ஐஸ் எப்போது கிடைக்கும் என்பதை ஒரு கப்பல் வருவதும் வராததும் தீர்மானித்தது. 1870-களில் மெட்ராஸிலேயே இயந்திரத்தில் ஐஸ் செய்ய ஆரம்பித்ததும் அந்தக் கட்டடத்துக்கு வேலையில்லாமல் போயிற்று. பிறகு பிலிகிரி ஐயங்கார் என்ற வக்கீல் அதை வாங்கினார். 1897-இல் விவேகானந்தர் அங்கே தங்கினார். அந்தத் தடித்த சுவருக்குள் நின்றபோது தாத்தா ஐஸ் கம்பெனி வாசலில் காத்திருந்ததும், மின்வெட்டில் அப்பா வாளியைக் கொட்டியதும், அம்மா சாவியைப் பற்றிக் கேட்டதும் ஒரே கதையாகத் தெரிந்தன. குளிரைக் கையில் வைத்திருக்கிறவர்தான் கடையை நடத்துகிறார். பலகையில் யார் பெயர் இருந்தாலும் அப்படித்தான்.

மதுரையில் விளக்குத்தூண் பக்கம் இருக்கும் ஃபேமஸ் ஜிகர்தண்டா கடைக்கு அப்பா என்னைச் சின்ன வயதிலிருந்தே கூட்டிப்போவார். தாமிரபரணிக் கரை ஆறாம்பண்ணையிலிருந்து வந்த ஷேக் மீரான் 1977-இல் தொடங்கிய கடை. முதலில் ஐஸ்கிரீமைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக விற்றவர். அவருக்குப்பின் பிள்ளைகள் நடத்துகிறார்கள். அப்பா டம்ளரைக் கையில் வாங்கியதும் பாலைக் கவனிக்கச் சொல்வார். சுண்டிய பால், கடல்பாசி, நன்னாரி, மேலே அவர்களே போடும் ஐஸ்கிரீம். "எல்லாம் அவங்க அடுப்புல, அவங்க பெட்டியில நடக்குது பாத்தா" என்பார். சின்னப் பிள்ளையாக அதை ருசிக்குச் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன்.

மெட்ராஸிலிருந்து திரும்பியபின் கடையில் இருக்கிற ஒவ்வொன்றையும் பற்றி இது யார் கையில் இருக்கிறது என்று கேட்க ஆரம்பித்தேன். என் படிப்பு எனக்கு உதவியது அங்கேதான். பாசியை இடைத்தரகரிடம் வாங்குவதை விட்டுப் பறிக்கிறவர்களிடமே வாங்கினோம். சாயல்குடிப் பக்கத்திலிருந்து பதநீர்ப் பருவத்தில் கருப்பட்டியை மொத்தமாக எடுத்து, சீனிக்குப் பதிலாக அதில் ஒரு ஐஸ்கிரீம் போட்டேன். கருப்பட்டியைக் கொதிக்கிற பாலில் போட்டால் திரிந்துவிடும். தனியாகக் காய்ச்சி வடிகட்டி, இரண்டும் நன்றாக ஆறியபிறகு சேர்க்கணும். இன்றைக்கு எங்கள் கடையில் அதிகம் ஓடுவது அதுதான். தாத்தா காலத்தில் இல்லாத பண்டம். "பழைய ருசி அப்படியே இருக்கும்மா" என்று அதைத் தின்றுவிட்டுச் சொல்கிறவர்களை நான் திருத்துவதில்லை.

பால் விஷயத்தில் எங்களால் முடிந்தது குறைவு. வறண்ட மாவட்டம், மாடு குறைவு, பாலில் பெரும்பகுதி வெளி மாவட்டத்திலிருந்து வருகிறது. விலை ஏறும்போதெல்லாம் தாவரக் கொழுப்பு விற்கிறவர்கள் வருவார்கள். ஐஸ்கிரீம் என்று பெயர் போட வேண்டுமானால் 10 விழுக்காடாவது பால் கொழுப்பு இருக்கணும் என்பது உணவுப் பாதுகாப்புச் சட்டம். தாவரக் கொழுப்பில் செய்தால் ஃப்ரோசன் டெசர்ட் என்றுதான் அச்சிடணும். அது தப்பான பண்டமில்லை, நேர்மையாகப் பெயர் போட்டு விற்றால் வாங்குகிறவர் வாங்கட்டும். எங்கள் கடையில் வைக்கவில்லை. அது வாயில் சீக்கிரம் கரையாமல் மேலண்ணத்தில் மெழுகு பூசின மாதிரி நிற்கும், அப்பாவால் பொறுக்க முடியாது.

வரி எங்களைப் படுத்தியது. 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது ஐஸ்கிரீமுக்கு 18 விழுக்காடு. சின்ன வியாபாரிகளுக்கென்று இருக்கிற தொகுப்பு வரித் திட்டத்தில் ஐஸ்கிரீம் செய்கிறவர்களுக்கு இடமில்லை என்று வேறு சொல்லிவிட்டார்கள். பான் மசாலா, புகையிலை செய்கிறவர்களோடு சேர்த்து எங்களையும் அந்த விலக்குப் பட்டியலில் பார்த்தபோது அப்பா வெகுநேரம் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெரிய கம்பெனிக்கும் எங்களுக்கும் ஒரே வரி, ஒரே தாள் வேலை. 2025 செப்டம்பர் 22 முதல் அது 5 விழுக்காடாக இறங்கியது. இறங்கிய அன்றே விலையைக் குறைத்தோம். அதற்குள் எங்கள் கடற்கரையில் சொந்தமாக ஐஸ்கிரீம் போடுவதை விட்டவர்கள் விட்டுவிட்டார்கள். அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

கொரோனா வந்தபோது, 2020 மார்ச்சில், கோயில் நடை பக்தர்களுக்கு மூடியது. பெட்டி எங்களுடையதாக இருந்ததால் மாதம் இவ்வளவு ஓடணும் என்று கேட்க ஆளில்லை. கரண்டை அணைத்துவிட்டு, இருந்த சரக்கைப் பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, காத்திருந்தோம். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் ரயில் பாலம் ஓய்ந்தபோது ரயில்கள் மண்டபத்தோடு நின்றன. 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி புதுப் பாலம் திறக்கிறவரை இரண்டு வருஷத்துக்கும் மேலாக ரயிலடிக் கூட்டம் கிடையாது. அதையும் தாண்டினோம். சொந்தப் பெட்டி லாபத்தைப் பெருக்கியது என்று சொல்ல மாட்டேன். மெலிந்த காலத்தில் மெலிந்து கிடக்க எங்களுக்கு அனுமதி தந்தது.

தடைக்காலத்தில் மீனவர் வீடுகளில் காசு புழங்காது. அரசு தரும் நிவாரணத்தை 2023-இல் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் 5,000-லிருந்து 8,000 ரூபாயாக உயர்த்துவதாக முதலமைச்சர் அறிவித்தார். இரண்டு மாதத்துக்கு ஒரு குடும்பம் அதை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? அதனால் அந்த 61 நாளும் சேமியா ஐஸ் மட்டும் பழைய விலைக்கே விற்கிறோம். மீனவர் பிள்ளைகளுக்கு நோட்டுக் கணக்கு உண்டு. ஜூன் நடுவில் படகு போய்த் திரும்பியதும் நோட்டு தானாகக் காலியாகிவிடும், யாரையும் கேட்க வேண்டியதில்லை. இது தாத்தா ஆரம்பித்த வழக்கமில்லை, அம்மா ஆரம்பித்தது. ஐஸ் கம்பெனி வாசலில் உடைசல் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள் என்பது அவள் கணக்கு.

அண்ணன் மகன் ராமநாதபுரத்தில் இன்னொரு கடை போடுகிறான். கேட்டரிங் படித்த பிள்ளை. கீழக்கரைத் தொதலை ஐஸ்கிரீமாக்கிப் பார்க்கிறான், தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்ந்து நன்றாகத்தான் வருகிறது. எங்கள் செய்முறையில் எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று என்னிடம் கேட்டான். பாலையும் பாசியையும் தவிர எல்லாவற்றையும் தொடு என்றேன். மொட்டை மாடியில் சோலார் தகடு போட்டால் பகலில் ஒரு பெட்டி அதிலேயே ஓடும் என்கிறான். மின்கட்டணப் பில்லைப் பார்த்தபிறகு எனக்கும் அது சரியென்று படுகிறது. அம்மா அவனிடம் வேறொன்று கேட்டாள். கடை யார் பெயரில், கடன் யார் பெயரில், பெட்டி யார் பெயரில் என்று வரிசையாகக் கேட்டாள். வாடகைக்குப் பெட்டி தருகிற இடம் ஒன்று இருக்கிறது, முதலில் அதை எடுத்து நடத்திப் பார்க்கலாம் என்றான். அவளுக்கு அது பிடிக்கவில்லை. என் கணக்கில் முதல் வருஷத்துக்கு வாடகைதான் லாபம், அதையும் அவனிடம் மறைக்காமல் காட்டினேன். அவன் இரண்டு நாள் யோசித்துவிட்டு வங்கிக்குப் போனான். கடன் மனுவில் நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பெட்டி அடுத்த மாதம் வருகிறது, பில் அவன் பெயரில்.